ஆளில்லாத வகுப்பு

வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடும் நிரலை மாணவர்கள் எழுத வேண்டும். திருத்துவது ஒரு மென்பொருள். அது ஒவ்வொரு நிரலுக்கும் பத்து வகுப்புகளை அனுப்பிப் பார்க்கும். எதை அனுப்பியது என்று மட்டும் சொல்லாது. ஜெசிந்தாவின் நிரல் ஒன்பது வகுப்புகளுக்குச் சரியாகச் சொல்லிவிட்டுப் பத்தாவதில் நின்றுபோனது. பத்தொன்பது முறை அப்படியே. இருபது முறைதான் அனுமதி. பத்தும் சரியானால்தான் தேர்ச்சி.

"அந்தப் பத்தாவது க்ளாஸ்ல அப்படி யாருதான் இருக்கா மேம்? ஒரே ஒரு க்ளூ."

"சொல்லக்கூடாதும்மா."

"அந்த மென்பொருளுக்கும் உங்களுக்கும் ஒரே மனசு மேம். கல்லு."

அந்தச் சோதனைகளை எழுதியதே நான்தான். பத்தாவது வகுப்பில் ஒரு மாணவர்கூடக் கிடையாது. மதிப்பெண்களைப் பூஜ்யத்தால் வகுக்கப்போய் அவள் நிரல் திகைத்து நின்றுவிடுகிறது.

ஆய்வகத்தில் இன்னும் மூன்று பேர் அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேன்டீனுக்கு விரட்டினேன். நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேசைக்குள் தள்ளினேன்.

"என்ன மேம், பேய் வீடு மாதிரி ஆக்கிட்டீங்க? நான் மட்டும் தனியா அழணுமா?"

வாசலுக்குப் போய் நின்றேன்.

"நீயும் கொஞ்சம் வெளிய வா."

கடைசி முயற்சியைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"உள்ள பாரு."

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாருமே இல்லையே மேம்," என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.