அறுபத்திரண்டு கிலோமீட்டர்

ஜூன் 12. குற்றப்பத்திரிகையில் வேகம் அறுபத்திரண்டு. தவறுதலாக அறுபது என்று எழுதிவிட்டேன். திருத்தியாயிற்று.

கோர்ட் பெஞ்சில், மடியில் இருந்த டைரியை நௌரின் மறுபடி சரிபார்த்தாள். மாலை வகுப்பில் கணக்கியல் படிப்பவள். எங்கேயும் பிழை நிற்கக் கூடாது.

மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சந்தீப்பை மோதிக் கொன்றது அவள் வாப்பாவின் கார். குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அவர்கள் வீட்டு டிரைவர் நல்லசிவம். ஆறடி ஆள், கூனிப்போயிருந்தார்.

வாகன நிபுணர் ராமபத்ரன் அறிக்கையைப் படித்தார். "பிரேக் சரி. ஹாரன் சரி. டிரைவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால இருந்தது. டயர் தடத்தை வெச்சு வேகம் அறுபத்திரண்டு. காரணம், ஓட்டினவரோட அலட்சியம்."

நல்லசிவத்தின் வக்கீல் சீதாலக்ஷ்மி எழுந்தார். "சாரே, அலட்சியம்னு டயர் வந்து உங்ககிட்ட சொல்லிச்சா?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"ஓட்டினவர் மனசு உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்ல. வண்டியப் பத்தித்தான் சொல்ல முடியும். ஓட்டின ஆளப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப அலட்சியத்தை அடிச்சிடறேன்," என்றார் மாஜிஸ்ட்ரேட். "வேகம் இருக்கட்டும்."

நௌரினுக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு சொல் போனால் நல்லசிவம் தப்பலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு. ஆள் நெரியும் பஜாரில் அந்த வேகமே அலட்சியம், அதைச் சொல்ல நிபுணர் வேண்டாம் என்றார் மாஜிஸ்ட்ரேட். ஓட்டியது தான்தான் என்று நல்லசிவம் முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடம் சிறை. அப்பீல் வேண்டாம் என்று வாப்பா சொல்லிவிட்டார்.

கோர்ட் வராந்தாவில் வாப்பா ஜாபர் சாதிக் நல்லசிவத்தின் தோளைத் தொட்டார். "உன் வீட்டை நினைச்சு பேடிக்காதே, பயம் வேண்டாம். நான் நோக்கிக்கறேன்."

நல்லசிவம் தலையாட்டிவிட்டு நௌரினைப் பார்த்தார். "மோளே, கிளாஸ முடக்காதே." ஜீப்பில் ஏறும்போது அவர் தலை மேல்கம்பியில் இடித்தது.

வீட்டில் நௌரின் டைரியைத் திறந்தாள். ஒன்றரையா, ஒன்றேகாலா என்று சந்தேகம் வந்தது. வாப்பாவிடம் கேட்டு உறுதி செய்தபின் எழுதினாள். அதன் கீழே இன்னொரு வரி:

நாளை காலை ஏழரைக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஏறியதும் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எனக்கு பிரேக் எட்டாது.