மூவ் ஆகலையாம்

மூன்று மாதமாக எந்தக் கடையிலும் செருப்பு மூவ் ஆகவில்லை. முதலாளி திட்டிய திட்டில், கிடங்கு மேனேஜர் செல்போனை அணைத்து மேசைக்குள் எறிந்திருந்தார்.

ஆபீஸ் போன் அடித்தது. அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த கிளார்க் எடுத்தாள்.

“சார், காலையிலிருந்து மூவ் ஆகலையாம். சொன்னா உங்களுக்கே புரியுமாம். பயமா இருக்காம்.”

“இப்பத்தான் பயம் வருதாமா? இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தாங்களாம்?”

“என்ன செய்யறதுன்னு கேக்கறாங்க சார்.”

“மூவ் ஆகலைன்னா தூக்கிக் குப்பையில போடச் சொல்லு. என் உயிரை வாங்க வேணாம்னும் சொல்லு.”

அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மறுமுனையில் வந்த பதிலைக் கேட்டு அவள் முகம் வெளுத்தது.

“சார், இது கடை இல்ல. உங்க வீட்டம்மா. வயித்துல இருக்கற குழந்தையைத்தான் சொன்னாங்களாம்.”

மேனேஜர் பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினார். “ஐயோ, நான் வேற எதையோ நெனச்சு... இதோ வர்றேம்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

“நீங்க வர வேணாம். எங்கம்மாகூடப் போய்க்கறேன்,” என்றாள் மனைவி. “நீங்க சொன்னதைக் கேட்டதும் ஓங்கி ஒரு உதை விட்டுச்சு. நியாயமா அது உங்களுக்கு விழ வேண்டியது.”