ஒரு மணி நேர வேலை

புள்ளிவிவர அதிகாரியும் வேலையில்லாத அவருடைய மச்சினனும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், அரசாங்கத்துக்கே புரையேறும்.

"பாலம் கட்டக் கோடி கோடியாக் கொட்டினாங்களே மாமா, வேலையில்லாதவங்க பாதியாக் குறைவாங்கன்னு சொன்னீங்களே, குறைஞ்சாங்களா?"

"சொன்னபடியே குறைஞ்சாச்சு மச்சான். கணக்கெடுத்ததே நான்தான்."

"நம்ம தெருவே சும்மாத்தானே உட்கார்ந்திருக்கு?"

"யாரு சொன்னா? வாரத்துல ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செஞ்சாலே அவன் வேலையில இருக்கிறவன். அதான் விதி."

"அப்ப நான்?"

"நம்ம கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சியே! உன்னையும் சேர்த்துட்டேன்."

கணக்கெடுத்த அந்த வாரம் தெருவிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் அந்தக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் தடித்துப்போய், கேட்டை மூடவே முடியவில்லை.

மச்சினன் தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"பாலத்து வேலைக்குப் போயிருந்தேன் மாமா. வேலையில இருக்கிறவங்களுக்குக் கிடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எவனோ தப்பாப் பதிஞ்சுட்டான்னு நினைச்சேன்."

பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

"நாளைக்கே திருத்திடறேன்டா" என்றார் அதிகாரி.

"ஆள் எடுத்து முடிச்சாச்சு மாமா. நீங்க சாப்பிடுங்க."

அதன்பிறகு அவருக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.