அழிக்காத கோடு

கடன் வாங்கியவரைச் சுற்றி மணலில் கோடு கிழித்தால், கிழித்தவர் காலால் அழிக்கும்வரை உள்ளே நிற்பவர் அதைத் தாண்டக்கூடாது. பழவேற்காட்டில் அதுதான் வழக்கம். உச்சிவெயிலில் தன் வீட்டு வாசலில் கோட்டுக்குள் வெகுநேரம் நின்ற தங்கவேல், கடைசியில் அடமானம் வைத்த அந்த வீட்டைக் கடன் கொடுத்த பொன்னுரங்கத்துக்கே விட்டுக்கொடுத்தார்.

“கோட்ட அழிச்சிடுங்க நைனா.”

“தாண்டிப் போ. அதுக்கு இன்னா இப்போ?” என்றார் பொன்னுரங்கம்.

தங்கவேல் ஒல்லாந்தர் கப்பலேறி எங்கோ போனார். பொன்னுரங்கம் அந்த வீட்டில் தனியாகக் குடியேறினார். ஏரித்தண்ணீர் வாசல்வரை ஏறி வடிந்தது, கோடு அழியவில்லை. அவர் காலால் தேய்த்தும் போகவில்லை.

ஒரு விடியலில் கோட்டைக் காணோம். நிம்மதியாகக் குடத்தோடு இறங்கியவர் படியிலேயே நின்றார். வீட்டைச் சுற்றி ஈரமணலில் புதுக்கோடு கிடந்தது.

அன்றுமுதல் வழியில் போகிறவர்களிடமெல்லாம் அந்தப் படியிலிருந்தே கேட்கிறார்:

“தங்கவேலு வந்துட்டானா?”