மறுபடி மாமாவின் சந்தேகங்கள்

"இந்த ஆளைக் குழுவை விட்டுத் தூக்குங்க அட்மின். இல்லைன்னா நாங்க கிளம்பறோம்."

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நின்றுவிட்டு வீடு திரும்பிய அட்மின் கண்ணில் முதலில் பட்டது இந்தச் செய்திதான். பொழுதுபோக்குக்கு கிடார் வாசிப்பவர். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளட்டும் என்று ஆன்லைனில் ஒரு குழு ஆரம்பித்தார். அன்று பிடித்தது தலைவலி.

அவர்கள் தூக்கச் சொன்னது மறுபடி மாமாவை. "மறுபடியும் தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்" என்றுதான் எந்தக் கேள்வியையும் ஆரம்பிப்பார். அதனால் வந்த பெயர்.

கேள்விகளும் லேசுப்பட்டவை அல்ல. பாடுவது ஒரு கணம் தள்ளிக் காதில் விழுகிறதே, ஏன்? சிவப்புப் பொத்தானை அழுத்தியும் எதுவும் பதிவாகவில்லையே, ஏன்? குழுவில் கிண்டல் பறக்கும். அட்மினும் தன் பங்குக்கு இரண்டு போடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் அலுப்புத் தீரும்.

இன்றைக்குக் கேட்டிருந்தது இது: "பாடும்போது வாஷிங் மெஷின் சத்தமும் சேர்ந்து பதிவாகுது. அதை மட்டும் எப்படி எடுக்கறது?"

"மெஷினை நிறுத்துங்க மாமா" என்று ஒருவர் போட்டிருந்தார்.

"அது ஓடுற நேரத்துலதான் பாட முடியுது. நின்னுட்டா அடுத்த வேலை வந்துடும்" என்று மாமாவின் பதில். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

அட்மின் சட்டைகூட மாற்றாமல் அவருக்குப் போன் போட்டார்.

"ஏன் சார் உயிரை வாங்கறீங்க? நீங்க வயலின் வாசிச்சுப் போட்டதைக் கேட்டேன், அவ்வளவு சுத்தமான பதிவு. அதைச் செஞ்ச ஆளுக்கு சிவப்புப் பொத்தான் தெரியாதா?"

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதெல்லாம் என் கேள்வி இல்லை சார். குழுவுல வேற பேர்ல இருக்கற ஒருத்தங்க, கேட்கக் கூச்சப்பட்டு எனக்குத் தனியா அனுப்புவாங்க. என்னோட சாஃப்ட்வேர் வேற, அவங்களோடது வேற. அதான் நான் கேட்கற மாதிரி இங்க கேட்டு, பதிலை அவங்களுக்கு அனுப்பிடுவேன்."

"அவங்களே கேட்டா என்ன? இங்க யாரு கடிச்சுக் குதறப் போறாங்க?"

"என்னை நீங்கல்லாம் பேசினதை அவங்களும் படிச்சுக்கிட்டுதானே சார் இருக்காங்க."

அட்மினுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இறங்கி வர மனம் வரவில்லை.

"சரி, அது யாருன்னு சொல்லுங்க. நானே பேசிக்கறேன். உங்களையும் எடுக்க மாட்டேன்."

"வேலை முடிஞ்சு வந்தா நாலு வார்த்தை பேச எனக்கு இந்தக் குழு ஒண்ணுதான் சார் இருக்கு." அவர் குரல் ரொம்பவும் களைத்திருந்தது. "ஆனா பேரைச் சொல்ல மாட்டேன். அவங்களுக்குச் சங்கடம். என்னை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார். குழுவில் கைதட்டல் குவிந்தது. எதிர்பார்த்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மறுபடி மாமாவைத் தூக்கியாச்சு."

தினமும் சாப்பாட்டு மேஜையில் மாமா புராணம் கேட்டவள்தான். கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்தாள்.

"பாவம்ங்க அவர்."

"என்ன பாவம்? யாருக்கோ வக்காலத்து வாங்கி எல்லார்கிட்டேயும் திட்டு வாங்கறார். அவங்க யாருன்னு எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். வாயே திறக்கலையே மனுஷன்."

"நான்தான் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்" என்றாள் அவள், நிமிராமல். "இனிமே என் சந்தேகத்தையெல்லாம் நான் யார்கிட்டங்க கேட்கறது?"