மஞ்சள் டிஸ்க்

“என்ர உப்பைத் திண்டுகொண்டு என்ர மச்சானுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறாய், என்ன?”

இராசரத்தினம் மேசையில் அடித்த அடியில் 1998 மாசிக் கலண்டர் சரிந்து விழுந்தது. மில்லிக்கன் பிளாசாவில் இருந்த அவருடைய விமான ரிக்கெற் கடைக்குள் காலெடுத்து வைத்த இருவர், வந்த வழியே திரும்பினார்கள்.

“அண்ணை, நான் குடுக்கேல்லை” என்றான் கணினி பார்க்கும் ஜனார்த்தன்.

“அப்ப ஆர், பேயோ குடுத்தது? எங்கடை கஸ்டமர் எல்லாருக்கும் மகேஸ்வரன் கடிதம் போட்டிருக்கிறான். நாங்கள் பிழையாப் பதிஞ்ச வீட்டு நம்பர்கூட அப்பிடியே கிடக்கு!”

மகேஸ்வரன் அவருடைய மனைவி தவமணியின் அண்ணன். போன கோடையில் சண்டை பிடித்துப் பிரிந்துபோய் வோபர்னில் தனிக்கடை போட்டவர்.

வாடிக்கையாளர் பட்டியல், டவுன்ரவுனில் வாடகைக்கு எடுத்த சேர்வர் கணினியில் இருந்தது. கடவுச்சொல்லை எவனும் எட்டிப் பார்த்துவிடுவான் என்று, ஓர் இரகசியக் கோப்பு கையில் இருந்தால்தான் உள்ளே போகலாம் என ஆக்கிவைத்தவனே ஜனார்த்தன்தான். அந்தக் கோப்பு இரண்டு டிஸ்க்குகளில் இருந்தது. கறுப்பு அவனிடம், மஞ்சள் முதலாளியிடம்.

“சேர்வருக்குள்ளை பூந்தவன் அந்தக் கோப்போடைதான் வந்தவன் எண்டு நீதானே காட்டினனி?”

“ஓம் அண்ணை. அந்தக் கோப்புக்கும் ஒரு பாஸ்வேர்ட் போடுவம் எண்டு கெஞ்சினனான். நினைவிலை நிக்காது எண்டு நீங்கள்தான் மறிச்சனீங்கள். உங்கடை டிஸ்க் வேறை ஆரின்ரையும் கையிலை…”

“பொத்தடா வாயை!” இராசரத்தினம் லாச்சியை இழுத்துத் திறந்து, மஞ்சள் டிஸ்க்கை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினார். “இந்தா கிடக்கு என்ர! லாச்சியை விட்டு அசையேல்லை. நாளையிலை இருந்து இந்தப் பக்கம் வராதை!”

ஜனார்த்தன் மேசைக்குக் கிட்ட வந்தான். “அண்ணை, அம்மா கொழும்பு லொட்ஜிலை எட்டு மாசமாக் கிடக்கிறா. வேலைக் கடிதம் இல்லாட்டி அவவை இஞ்சை கூப்பிட ஸ்பொன்சர் பண்ணேலாது.”

“மகேஸ்வரனிட்டைப் போய் வாங்கு கடிதம்!”

அவன் கடைத் திறப்பை மேசையில் வைத்தான். ஜக்கெற்றைக்கூடப் பூட்டாமல் பனிக்குள் இறங்கிப் போனான்.

“பாம்புக்குப் பால் வாத்திருக்கிறன்” என்று இராசரத்தினம் பல்லைக் கடித்தார்.

சாப்பாட்டுப் பெட்டியோடு பின்கதவால் வந்த தவமணி, அவர் கையில் இருந்த டிஸ்க்கைப் பார்த்தாள்.

“உதுக்கே இவ்வளவு சத்தம்? பழுதாப்போனால் என்னப்பா, உதின்ர கொப்பி ஒண்டு கிடக்குத்தானே.”

“என்ன கொப்பி?”

“போன வருசம், அண்ணையோடை சண்டை வர முந்தி, இந்தியாவுக்கு வெளிக்கிடேக்கை, ‘முக்கியமான சாமான் எல்லாத்திலையும் ஒரு கொப்பி உன்ர அண்ணை வீட்டிலை கிடக்கட்டும்’ எண்டனீங்கள். பாஸ்போட் கொப்பி, வீட்டு உறுதி, எங்கடை மகள் சிவானியைக் கொண்டு உதையும் கொப்பி எடுத்து, எல்லாத்தையும் ஒரே கவருக்குள்ளை வைச்சு ஒட்டித் தந்தனான். ‘கவனம் மச்சான்’ எண்டு அண்ணையின்ர கையிலை குடுத்தது நீங்கள்தானே!”