முகவரி கிடைக்கவில்லை

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்து மலைப்பள்ளி ஒன்றின் கணினி அறையில் காலை வெயில் விசைப்பலகைகள் மேல் சாய்ந்து கிடக்கிறது. வெள்ளத்தன்று ஊதாமல் போன அபாயச் சங்கைச் சரிசெய்யச் சொல்லி, வகுப்பே தொகுதி உறுப்பினருக்கு இணையத்தில் எழுதுகிறது. மார்லியின் கடிதம் தயார். ஆனால் திரையில் சிவப்பு எழுத்து: ‘இந்த முகவரி கிடைக்கவில்லை.’ உறுப்பினர் தன் தொகுதிக்காரர்களின் கடிதங்களை மட்டுமே வாங்குவார். அதனால் கடிதத்தைப் பார்க்கும் முன்பே கணினி முகவரிப் பட்டியலில் வீட்டைத் தேடுகிறது. ஓடை அடித்துக்கொண்டு போன வீடுகளை, மார்லியின் வீட்டையும் சேர்த்து, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். “எங்க வீட்டு அட்ரஸப் போடு மார்லி, எங்கம்மா வாடகையெல்லாம் கேக்க மாட்டாங்க,” என்கிறான் பக்கத்து நாற்காலி டக்கர். மார்லி சிரித்துக்கொண்டே அந்த முகவரியைத் தட்டச்சு செய்கிறாள். பச்சைக் குறி விழுகிறது. டக்கரின் வீடு மேட்டில் இருக்கிறது. தண்ணீர் அதன் படியைக்கூடத் தொடவில்லை. அவள் கண் கடிதத்தின் முதல் வரிக்குப் போகிறது: ‘சங்கு ஊதாத அன்றிரவு, மேலே குறிப்பிட்ட வீட்டில்தான் என் தம்பி கோல்பி தூங்கிக்கொண்டிருந்தான்.’

“எல்லாரும் அனுப்பியாச்சா?” என்று டீச்சர் கேட்கிறார். “அனுப்பித் தொலையேன்,” என்று டக்கர் கிசுகிசுக்கிறான். மார்லி அவன் முகவரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டுத் தன் வீட்டு எண்ணை அடிக்கிறாள். சிவப்பு எழுத்து திரும்ப வருகிறது. ஏதோ கைத்தவறுதலாக அடித்துவிட்டதுபோல, இன்னொரு முறை நிதானமாக அடிக்கிறாள்.